மூளை தரும் கொசுறு

சூளகிரிச் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு கட்டும் கைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஈரத் தழையில் ஒரு பிடி, வேர்மண் உதிர ஒரு தட்டு, நாரால் ஒரு சுற்று. கண் எங்கோ இருக்க, விரல் தன் வேலையை முடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் மூளைக்குள் நடப்பது இன்னும் அழகு. விரல்களை இயக்கும் நரம்பணுக்கள் சுறுசுறுப்பானதும் அருகிலுள்ள நுண்தமனிகளுக்குச் சேதி போகிறது. நைட்ரிக் ஆக்சைடு போன்றவை கசிகின்றன, குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது, ஓரிரு நொடியில் அந்த இடத்துக்கு ரத்தம் கூடுகிறது. செலவான பிராணவாயுவை ஈடுகட்டுவதோடு நிற்காமல் கொசுறும் சேர்த்தே வருகிறது. மூளையின் இயக்கத்தைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களில் ஒளிர்வது இந்தக் கொசுறுதான்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான்; ஓய்வாக இருக்கும்போதும் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்குப் போகிறது. மண்டையோட்டுக்குள் இடம் குறைவு, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வாரி வழங்க முடியாது. அதனால்தான் பங்கீட்டில் இத்தனை நிதானம். குந்தியிருந்தவர் சட்டென்று எழுந்தால் தலைக்கு ஏறும் அழுத்தம் சரியும். மூளையின் நாளங்கள் விரிந்து ஓட்டத்தைத் தாங்கிக்கொள்கின்றன. மூட்டையைத் தம்கட்டித் தூக்கும்போது அழுத்தம் எகிறினால், கழுத்திலிருந்து ஏறும் பரிவு நரம்புகள் பெரிய நாளங்களை இறுக்கி, உள்ளிருக்கும் மெல்லிய குழாய்களைக் காக்க உதவுகின்றன. இடமறிந்து, நேரமறிந்து கொடுப்பதும் ஒரு கைத்திறன் என்றால், அதில் தேர்ந்தவை இந்த நரம்புகள்.