தசை குறைந்ததால் ஈரல் கொழுத்ததா?

ரப்பர் பால் நிறைந்த காண்டா வாளிகளைத் தோளில் சுமந்து மேடுபள்ளம் ஏறி இறங்கியவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். உழைப்புப் போனது, சதை கரைந்தது, ஈரலில் கொழுப்புப் படிந்தது என்று ஜாசின், கெமெண்டோர் பக்கத்துத் தோட்டக் கதையை ஒரே வரியில் முடித்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வருகிறது.

சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் துணையோடு உள்வாங்குவது தசை. அது மெலிந்தாலோ மந்தமானாலோ மிச்சச் சர்க்கரை ஈரலுக்குப் போய்க் கொழுப்பாகிறது. தென்கொரியாவில் 12,000 பேருக்கு மேல் ஏறத்தாழ 7 ஆண்டுகள் கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்விலும், தசை விகிதம் அதிகமிருந்தவர்களுக்கு ஈரல் கொழுப்புப் புதிதாக வருவது குறைவாகவே இருந்தது.

இடிப்பது அந்த விகிதம்தான். கைகால் தசையின் எடையை உடல் எடையால் வகுத்தார்கள். ஒரே உயரமுள்ள இருவருக்குத் தலா 20 கிலோ தசை என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோக்காரருக்கு 33 விழுக்காடு வரும். 85 கிலோக்காரருக்கு 24கூட வராது. இவருக்குத் தசை குறையவே இல்லை, தொப்பைதான் கூடியிருக்கிறது. தொப்பைக்கும் ஈரல் கொழுப்புக்கும் உள்ள உறவு பழைய செய்தி. அதுவே தசைக்குறைவு என்ற வேடத்தில் கணக்குக்குள் நுழைந்துவிடுகிறது. உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் தொடர்பு தேய்கிறது, சிலவற்றில் தலைகீழாகவே போகிறது. போதாததற்கு, ஈரல் சுருங்கி முற்றிய நிலையில் நோயே தசையைத் தின்னும்.

நம்மவரைப் பொறுத்தவரை வலுவான சாட்சி வேறு. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எல்லா இனத்தாரிலும் இதுவே அதிகம். அதன் பின்னால் பெரும்பாலும் இருக்கும், உடல் இன்சுலினுக்கு இணங்காத நிலை தசையையும் கெடுக்கும், ஈரலிலும் கொழுப்புச் சேர்க்கும். வேர் ஒன்றாக இருக்க, ஒன்றை மற்றதன் காரணமாக்குவது அவசரம்.

ஆகவே தசைக்குறைவு கூட்டாளிதான். முதல் குற்றவாளி என்று நிரூபணமாகவில்லை. புரோட்டின் மாவு டப்பா வாங்கி ஈரலைக் காப்பாற்றலாம் என்பது வெறும் வியாபாரம். எடை தூக்கும் பயிற்சி அப்படியல்ல. உடல் எடை பெரிதாகக் குறையாதபோதும் அது ஈரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பட்டினி கிடந்து இளைத்தாலோ கொழுப்போடு தசையும் போகும்.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடி அல்லது அதற்கு மேல் பிடித்தால் தசை வலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவு. இனிப்புநீர் உள்ள அப்பா அம்மாவை வீட்டில் ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். நேரம் கூடினால், அரசாங்க கிளினிக்கில் அடுத்த தடவை சர்க்கரை பார்க்கும்போது டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.