கழித்தல் குறி

'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' தொடரை (ஐடிவி, ஜனவரி 2024, நான்கு பகுதிகள்) செவ்வாய்ப்பேட்டை வீட்டில் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தேன். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியதால், பிரிட்டனில் சின்னச் சின்னத் தபால் நிலையங்களை நடத்தியவர்கள் திருடர்களாக்கப்பட்ட கதை. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டனை. டோபி ஜோன்ஸ் அலட்டாமல் நடித்திருக்கிறார். அழுதேன், பொய் சொல்ல மாட்டேன்.

தொடர் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கிறது. நிற்கட்டும், அதுதான் நியாயம். எனக்குத்தான் நிரல் எழுதியவர்களின் அறைக்குள் அது போகாதது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த அறையிலிருந்து ஓர் அறிக்கை மிஞ்சியிருக்கிறது. 1998இல், ஹொரைசன் கடைகளுக்குப் போகும் முன்பே, அதைச் செய்த ஐசிஎல் (பிறகு புஜித்சு) ஆட்களே எழுதியது. பல வருடம் கழித்துப் பொது விசாரணையில் வெளியே வந்தது. அதில் ஒரு நிரல் துண்டு. ஓர் எண்ணின் குறியை மாற்ற வேண்டும். முன்னால் ஒரு மைனஸ் போட்டால் வேலை முடிந்தது. அங்கே என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? எண் சுழியத்துக்குக் கீழே இருந்தால் குறியை நீக்கு. இல்லையென்றால் அந்த எண்ணிலிருந்து அதன் இரண்டு மடங்கைக் கழி. விடை சரியாக வந்துவிடும் என்பதுதான் இதில் பயம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒட்டியவர் நல்ல எழுத்தாளர். தொடரின் எந்தக் காட்சியும் என்னை இவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. அந்தப் பகுதியைத் திரும்ப எழுதும் யோசனையை நிர்வாகம் ஏற்கவில்லை.

அரசனுக்குத் தானாகவும் தெரியாது, தெரிந்தவன் சொன்னாலும் ஏறாது. அப்போதும் எடுத்துச் சொல்வது அமைச்சன் கடமை என்கிறது குறள் 638. சரி அய்யா, சொன்ன பிறகு? வள்ளுவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். ஆறு அதிகாரம் தள்ளி, அரசனிடம் குளிர்காய்பவன் மாதிரி ஒட்டாமலும் விலகாமலும் இரு என்கிறார். அந்தத் தூரத்துக்கு இன்று இஎம்ஐ என்று பெயர்.

எங்கள் தெருவில் வெல்ல மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருத்தர் இருந்தார். எட்டணா இடித்தாலும் கடை சாத்த விடமாட்டார். முதலாளி "நாளைக்குப் பாத்துக்கலாம்யா" என்பார். இவர் சாவியை மடியில் வைத்துக்கொண்டு பேரேட்டைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் நானும் ஒரு மெயில் போட்டேன். இதைச் சோதிக்காமல் வெளியே விட வேண்டாம் என்று மூன்று பத்தி. 'நோட்டட்' என்று பதில் வந்தது. சனிக்கிழமை ரிலீஸ். பட்டனை அழுத்தியது நான்தான்.