ஆளில்லா நிலம் எனும் கற்பனை: ‘பதின்மூன்றாம் குழந்தை’ நாவல் குறித்து

மந்திரத்தைப் பொருளாகக் கொண்ட இளைஞர் நாவல்களைத் திருச்சபையார் ஐயத்தோடு நோக்குவது வழக்கம். மந்திரம் வருகிறது என்னும் ஒரே காரணத்தால் ஒரு நூலைத் தள்ளிவிடுவது எளிது. ஆயின் அவ்வாறு தள்ளுவோர், அந்நூலில் உண்மையாகவே ஆராயப்படவேண்டியதைக் காணத் தவறுகின்றனர். அமெரிக்க எழுத்தாளர் பட்ரிஷியா ரீடி 2009-இல் வெளியிட்ட ‘பதின்மூன்றாம் குழந்தை’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மூன்று நாவல்கள் கொண்ட வரிசையில் இது முதலாவது. மற்ற இரண்டும் 2011-இலும் 2012-இலும் வெளிவந்தன.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவை ஒத்த ஒரு கற்பனை நாட்டில் நிகழ்கிறது. எஃப் எனும் சிறுமி தன் பெற்றோரின் பதின்மூன்றாம் பிள்ளை. அத்தகைய பிள்ளை தீமையையே விளைவிக்கும் என்பது உறவினரின் உறுதியான நம்பிக்கை. அவளோடு இரட்டையாகப் பிறந்த லான், ஏழாம் மகனின் ஏழாம் மகன். எனவே அவன் பேராற்றல் பெறுவான் எனப் போற்றப்படுகிறான். மகளைப் பழிச்சொல்லினின்று காக்கும் பொருட்டுக் குடும்பம் மேற்கு எல்லைப்புற நகரான மில் சிட்டிக்குக் குடிபெயர்கிறது. அங்குத் தந்தை கல்லூரியில் மந்திரவியல் கற்பிக்கிறார். பேராற்றின் வழியே எழுப்பப்பட்ட மந்திர அரணுக்கு அப்பால் மாமூத் யானைகளும் டிராகன்களும் திரிகின்றன. இங்கு மந்திரம் என்பது ஆவிகளை அழைக்கும் செயலன்று. பள்ளியில் பயிலும் ஒரு கலையே.

இந்நாவலின் மேன்மை எஃபின் உள்ளத்தைச் சித்திரித்திருப்பதில் உள்ளது. பிறர் சுமத்திய பழியை அக்குழந்தை தானே நம்பிவிடுகிறாள். தன்னால் கேடு விளையுமோ என அஞ்சித் தன் ஆற்றலையே அடக்கிக்கொள்கிறாள். பிறவிக் குருடனைக் கண்டபோது இது யார் செய்த பாவம் எனச் சீடர் கேட்டதையும், அக்கேள்வியின் அடிப்படையையே ஆண்டவர் மறுத்ததையும் நாம் இங்கு நினைவுகூரலாம். பிறப்பின் வரிசை ஒருவரின் தகுதியை அளவிடாது என்பதை ஆசிரியை போதனையாக உரைக்காமல் கதையாகவே நிலைநாட்டுகிறார். பயிர்களை அழிக்கும் மாயப் பூச்சிகளை எதிர்கொள்ளும் இறுதிப் பகுதியில், எஃப் அச்சம் நீங்கித் தன் ஆற்றலைக் கையாளுமிடம் இளம் வாசகர்க்கு மெய்யான ஆறுதலளிக்கும்.

எனினும் நூலின் அடித்தளத்தில் பெருங்குறை ஒன்றுண்டு. இக்கற்பனைக் கண்டத்தில் ஐரோப்பியர் வருமுன் மனிதரே இல்லை. குடியேறிகள் விலங்குகளோடு மட்டுமே போராடுகின்றனர். நூல் வெளிவந்த 2009-ஆம் ஆண்டிலேயே வாசகர் பலர் இதனை வன்மையாகக் கண்டித்தனர். பழங்குடியினரைக் கொடியோராகவோ, இயற்கையோடு இயைந்த ஞானியராகவோ காட்டும் பழைய அச்சுகளைத் தவிர்க்கவே ஆசிரியை இவ்வழியை நாடினார். நோக்கம் நல்லதாயினும், ஒரு மக்களைத் தவறாகச் சித்திரிப்பதற்கு மாற்று, அவர்களை இல்லாமலே ஆக்கிவிடுவதன்று.

வரலாறு கூறுவதை நோக்குவோம். மில் சிட்டி என்பது மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரின் புனைபெயர். அந்நிலம் டகோட்டா மக்களின் தாயகம். 1862-ஆம் ஆண்டு மே மாதம் குடியேறிகளுக்கு 160 ஏக்கர் வீதம் நிலம் அளிக்கும் சட்டமும், ஜூலை மாதம் நிலக்கொடையால் கல்லூரிகளை நிறுவும் சட்டமும் நிறைவேறின. எஃபின் தந்தை பணியாற்றுவதும் அத்தகைய கல்லூரியிலேயே. அக்கல்லூரிகளுக்கென அளிக்கப்பட்ட ஏறக்குறைய 1 கோடியே 7 இலட்சம் ஏக்கர் நிலம் பழங்குடியினரிடமிருந்து பெறப்பட்டதே. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் டகோட்டா ஆடவர் 38 பேர் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டில் அம்மக்களை மினசோட்டாவினின்று வெளியேற்றச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட நிலத்தை, தொடக்கமுதல் வெறுமையாகவே இருந்ததாக நாவல் காட்டுகிறது.

இங்குத் திருமறையின் நேர்மை நமக்கு வியப்பளிக்கிறது. கானானை வேவு பார்த்துத் திரும்பியோர் அந்நாடு ஆளற்றது எனக் கூறவில்லை. அரண்சூழ்ந்த பட்டணங்களையும் அங்கு வாழும் மக்களையும் குறித்தே அறிவித்தனர். தாங்கள் கட்டாத வீடுகளில் குடியிருந்து, நடாத தோட்டத்தின் கனியை உண்ணப்போகிறார்கள் என்பதையும் உபாகமம் இஸ்ரவேலுக்கு மறைக்கவில்லை. வெற்றியின் கதையிலும் ராகாபுக்கும் கிபியோனியருக்கும் இடமுண்டு. 1989-இல் ஓசேஜ் இனத்தவரான ராபர்ட் ஆலன் வாரியர், யாத்திராகம வரலாற்றைக் கானானியரின் கண்களால் வாசிக்குமாறு இறையியலாரை அழைத்தார். விடுதலையின் கதையைக் கானானியர் எவ்வாறு கேட்டிருப்பர் என்னும் அவரது வினா இன்றும் நம்மை விடுவதாயில்லை. அவ்வினாவை எழுப்பவாவது திருமறை இடமளிக்கிறது. ஏனெனில் கானானியரின் பெயர்களை அது அழித்துவிடவில்லை. இந்நாவலிலோ கேட்பதற்கு எவருமில்லை.

எஃபுக்குக் கற்பிக்கும் ஆசிரியையரில் ஒருவர், ஆப்பிரிக்க மரபைச் சார்ந்த மந்திரத்தைப் பயிற்றுகிறார். எப்பொருளையும் பல பக்கங்களினின்றும் பொறுமையாக நோக்குதலே அம்மரபின் முதற்பாடம். அப்பாடத்தைக் கதையின் நிலத்துக்கும் பொருத்தியிருப்பின் இது சிறந்த நூலாகியிருக்கும். ஒரு குழந்தையைப் பழியினின்று மீட்ட நாவல், ஒரு மக்களை நினைவினின்று நீக்கிவிட்டது என்பதே நம் முடிவு.

ஆகவே இந்நூலை இளைஞர் கையினின்று பறிக்கவேண்டும் என நாம் கூறோம். எஃபின் விடுதலையில் அவர்களோடு மகிழ்ந்து, பின்னர் அந்நிலத்தில் முன்னர் வாழ்ந்தோர் யாவர் எனக் கேட்கக் கற்பிப்பதே போதகரின் கடன். வாக்குத்தத்த நாட்டைக் குறித்துப் பிரசங்கிக்கும்போதும் அதே கேள்வியை நம்மிடமே எழுப்பிக்கொள்வோமாக.