கேசியோ ஜிபி-510: ஹேண்ட்ஃபீல் பார்த்து வாங்க வேண்டிய பியானோ

திருப்பூரில் துணி வாங்குகிற யாரும் முதலில் லேபிளைப் படிப்பதில்லை. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். சீட்டில் 180 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தாலும் கை வேறொன்று சொன்னால் கை சொல்வதுதான் கணக்கு. இதே ஊர்க்காரர்கள் பியானோ வாங்கப் போனால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "256 பாலிஃபோனிங்களா? எத்தனை சவுண்டு இருக்குதுங்க?" என்று கேட்கிறார்கள். ஒரு நல்ல ஓவர்லாக் மெஷினைவிடப் பல மடங்கு விலை உள்ள பொருளை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது இல்லைங்க.

அனுப்பர்பாளையத்தில் என் அக்கா வீட்டில் இந்தக் கேள்வி வந்தது. அக்கா மகள் ஐந்தாம் கிரேடு தாண்டிவிட்டாள். பழைய கீபோர்டு இனி போதாது. பழைய அப்ரைட் பியானோ ஒன்று வாங்குவதா, கேசியோவின் செல்வியானோ கிராண்ட் ஹைப்ரிட் ஜிபி-510 வாங்குவதா? சில வாரங்கள் இரண்டாவதை வாசித்துப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள் இவை.

முதலில் ஹைப்ரிட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சாதாரண டிஜிட்டல் பியானோவில் கட்டைக்கு அடியில் ஒரு எடையைக் கட்டி கனத்தை வரவழைப்பார்கள். கை அழுத்தும் கனம் கிடைக்கும், ஆனால் எதையும் எறிகிற உணர்வு இருக்காது. கிராண்ட் பியானோவில் நாம் செய்வது எறிவதுதான். கட்டையை அழுத்தினால் சுத்தியல் மேலே பறக்கும், கம்பியை அடிக்கும், தன் கனத்தாலேயே கீழே விழும். கட்டை முழுதாக எழும்பும் முன்பே மறுபடி அடிக்க வழி செய்தவர் செபாஸ்டியன் எரார். அந்த இரட்டை எஸ்கேப்மென்ட்டுக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1821-இல். அப்ரைட்டில் சுத்தியல் பக்கவாட்டில் அடிக்கிறது, ஸ்பிரிங்கை நம்பித் திரும்புகிறது. அதனால் ஒரே சுரத்தை வேகமாகத் திருப்பி வாசிப்பதில் கிராண்டுக்கு அது ஈடாகாது.

ஜிபி வரிசை 2015-இல் ஜிபி-500-உடன் தொடங்கியது. பெர்லினில் 1853-இல் தொடங்கிய பெக்ஸ்டைன் கம்பெனியுடன் சேர்ந்து செய்த வேலை. கட்டைகள் ஆஸ்திரிய ஸ்ப்ரூஸ் மரம். உள்ளே கம்பி கிடையாது, ஆனால் நிஜமாகவே சுத்தியல் மேலும் கீழும் அசைகிறது. மேல் மூடியைத் திறந்தால் பார்க்கலாம். காசு போகிற இடம் இதுதான். மற்றதெல்லாம் பாதி விலைப் பியானோவிலும் ஏறக்குறைய கிடைத்துவிடும்.

கடையில் கையால் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். டி மேஜர் கார்டு வாசியுங்க. நடுவிரல் கறுப்புக் கட்டையில் இருப்பதால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டையில் உள்ளே தள்ளிப் போக வேண்டியிருக்கும். மலிவான பியானோவில் அந்த இடத்தில் கட்டை கல்லு மாதிரி இருக்கும், ஏனென்றால் அது ஆடுகிற அச்சு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. நல்ல பியானோவில் கட்டை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நீளமாகப் போகும், எனவே முன்னுக்கும் பின்னுக்கும் கன வித்தியாசம் குறையும். ஜிபி-510 இதில் சுலபமாகத் தேறியது. மெதுவாக, சத்தமே வராமல் கட்டையை அழுத்திப் பாருங்க. கடைசியில் ஒரு சின்னத் தடை விரலில் படும். அதுவும் இதில் உண்டு.

சத்தத்துக்கு வருகிறேன். பெர்லின், ஹாம்பர்க், வியன்னா என்று மூன்று கிராண்டுகள். எனக்குப் பிடித்தது பெர்லின்; ஹெட்போனில் கேட்டால் நடு ஸ்தாயி தெளிவாகவும் உலராமலும் இருக்கிறது. இரண்டு சோதனைகள்: கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை பெடலுடன் பிடித்துவைத்து அது அடங்கும்வரை கேளுங்க, நடுவில் ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றுவது கேட்டால் வேண்டாம். அடுத்து சி, இ, ஜி மூன்றையும் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு சி-யைப் பட்டென்று அடியுங்க. பிடித்திருக்கும் சுரங்கள் மெல்ல ரீங்கரிக்க வேண்டும்.

ஸ்பீக்கரில் கதை வேறு. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், காங்கிரீட் கூரை கொண்ட நம்ம ஊர் ஹாலில் மேல் ஸ்தாயி கொஞ்சம் கண்ணாடிபோல் கேட்கிறது. பழைய அப்ரைட் இந்த இடத்தில் ஜெயிக்கிறது. அதன் சவுண்ட்போர்டு அறையையே அதிரவைக்கும். வாசிப்பவர் வயிற்றில் அது படும். எந்த ஸ்பீக்கரும் அதை முழுசாகத் தரவில்லை. இதை மறைத்து இந்தப் பியானோவைப் புகழ எனக்கு மனசில்லை.

இதன் டியூனிங் மெனுவில் 17 வகை சுருதி அமைப்புகள் உண்டு. பட்டியலில் குர்ஜரி தோடி, சந்திரகௌன்ஸ், சாருகேசி என்ற பெயர்களைப் பார்த்ததும் நம்ம ஆளுங்களுக்குச் சந்தோஷம் தாங்காது. சாருகேசி நம்ம 26-வது மேளகர்த்தா ஆச்சே! ஆனால் அந்தப் பட்டன் செய்வது சுரங்களின் இடத்தைச் சில சென்ட் நகர்த்துவதுதான். கமகம் வராது, கமகம் இல்லாத சாருகேசி வெறும் ஏழு சுரம். எனக்கு உபயோகப்பட்டது ப்யூர் மேஜர். வழக்கமான பியானோவின் காந்தாரம் 400 சென்ட். தம்புராவில் கேட்கும் அந்தர காந்தாரம் 386. அந்த 14 சென்ட் வித்தியாசத்தை ஒரு பட்டனில் சரிசெய்து, பாடுபவருக்குத் துணையாக வாசிக்கலாம். கம்பிப் பியானோவில் இதற்கு ஆளை வரவழைத்து ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கு முடிவைச் சொன்னது இவை எதுவும் இல்லை, இரவு ஒன்பது மணி. கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கினால் அக்காவும் மாமாவும் வர அந்நேரம் ஆகும். பிள்ளை ட்யூஷன் முடித்து உட்கார்வதும் அப்போதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட்டு முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள், இந்தப் பக்கம் காலையில் ஐந்து மணிக்கு எழுகிறவர்கள். அப்ரைட் வாங்கினால் அவள் வாசிக்கவே நேரம் இருக்காது. ஹெட்போன் போட்டுத் தினம் ஒரு மணி நேரம் சரியான கனமுள்ள கட்டையில் பழகுவது, ஞாயிறு மட்டும் நிஜக் கம்பியில் வாசிப்பதைவிட அவள் கைக்கு நல்லது. தவிர, கம்பிப் பியானோவுக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது டியூனிங் வேண்டும், அதற்கு ஆள் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய கணக்கும் இருக்கிறது. நன்றாகப் பராமரித்த அப்ரைட் இரண்டு தலைமுறை ஓடும். ஹைப்ரிட் ஒரு கம்ப்யூட்டர். 15 வருஷம் கழித்து அதன் போர்டுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்பதை நம்பி வாங்கக் கூடாது. பிள்ளை காலேஜ் போகும்வரை என்று மனசில் வைத்து வாங்குங்க. முதல் இரண்டு கிரேடு பிள்ளைக்கு இது தேவையே இல்லை. பாதி விலையில் நல்ல கட்டை உள்ளது போதும்.

வாங்கினால் இரண்டு வேலை. நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போடுங்க. பக்கத்தில் நிட்டிங் யூனிட் இருந்தால் பஞ்சுத் தூசி கட்டை இடுக்கில் இறங்கும். வாசிக்காத நேரம் மூடியைச் சாத்தி மேலே துணி போட்டு வையுங்க. துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன!

மாடி வீடாக இருந்தால் ஆர்டர் கொடுக்கும் முன் படிக்கட்டுத் திருப்பத்தை டேப் வைத்து அளந்துவிடுங்க. பியானோ ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், எடை 80 கிலோவுக்குப் பக்கம். அக்கா வீட்டில் ஃபேப்ரிக் ரோல் ஏற்றுகிற நாலு பேர் வந்துதான் மேலே கொண்டுபோனார்கள்.