‘செங்கடல்’: நடிப்போரும் வாழ்வோரும்

தனுக்கோடிக் கரையைக் களமாகக் கொண்டு 2011இல் வெளிப்போந்த ‘செங்கடல்’ என்னும் திரைப்படத்தில் முதற்கண் ஆராயத்தக்கது அதன் குழுவமைப்பேயாம். லீனா மணிமேகலை இயக்க, ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியும் ஜெரால்டும் எழுத்தில் துணைநின்றனர். ஒளிப்பதிவு கேரளத்து எம்.ஜே. இராதாகிருஷ்ணன்; படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத். இவ்விருவரும் கைதேர்ந்த தொழிற்கலைஞர். திரையில் தோன்றுவோருட் பலரோ இராமேஸ்வரத்து மீனவரும் ஏதிலியருமே.

தம் துயரையே காட்டுவோரை நடிகர் எனலாமா? ஆகாது என்பாரும் உளர், யாம் உடன்படோம். தொல்காப்பியர் அழுகைக்கு உரைத்த நிலைக்களன்களுள் இழவும் வறுமையும் உள. பயின்ற நடிகர் அவற்றை வருவித்துக்கொள்வர். இக்கரையினரோ உள்ளதை அடக்குகின்றனர். அடக்குதலும் மெய்ப்பாடே. இப்படத்தில் நடித்த ஷோபாசக்தியும் பயின்ற நடிகரல்லர். பின்னர் அவர் தலைமை மாந்தராய் நடித்த ‘தீபன்’ 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது.

இயக்குநரே படமெடுப்பவராய்த் தோன்றும் இடங்கள் எமக்கு அத்துணைப் பொருந்தித் தோன்றவில்லை. கரையினர் பேச்சு பின்னிட, கேட்பவர் முகம் முன்வந்து நிற்கின்றது.

தணிக்கைக் குழு சான்று மறுத்தபோது, அரசுகளைப் பழித்தலோடு அவையல்கிளவியையும் குறையாகக் காட்டிற்று. வலையிழந்து கரையேறியவன் அவையடக்கம் பேசுவானல்லன். அச்சொற்களைக் களைந்தால் அம்மாந்தரையே களைந்ததாகும். மேல்முறையீட்டு நடுவர்மன்றம் 2011இலேயே வெட்டின்றிச் சான்றளித்தமையால், அவர் பேச்சு பேசியவாறே நமக்குக் கிடைத்துள்ளது.