ஹோல்டனின் வலது கை

ஜே.டி. சாலிங்கரின் ‘தி கேட்சர் இன் த ரை’ வெளிவந்தது 1951இல். இன்றைக்கும் பதினாறு வயது ஹோல்டன் கால்ஃபீல்டின் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத நாவல் இது. கிடைக்கிறவர்களையெல்லாம் பிடித்துவைத்து இதைப் பற்றிப் பேசுகிறேன்!

பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பையன் வீட்டுக்குப் போகப் பயந்து நியூயார்க்கில் அலைகிறான். கதை அவ்வளவுதான். பார்ப்பவர்களையெல்லாம் போலி என்று திட்டுகிறான், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்கிறான், குடிக்கிறான். ‘வசதியான வீட்டுப் பிள்ளையின் திமிர்’ என்று பாதியிலேயே மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாம் அத்தியாயத்தை எப்படித்தான் கடந்து போனார்களோ!

பள்ளி விடுதியில் அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் தனக்காக ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும். ஹோல்டன் எழுதுவதோ தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி. பந்து வராத நேரத்தில் படிப்பதற்காக ஆலி அதில் பச்சை மையால் கவிதைகளை எழுதிவைத்திருந்தான். அந்த ஆலி ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டான் என்பது நமக்குப் பேச்சுவாக்கில்தான் தெரியவருகிறது. 1946 ஜூலை 18. ஐந்து பாடங்களில் நான்கில் தோற்ற பையனுக்கு அந்தத் தேதி மட்டும் மறக்கவில்லை! அன்றிரவு பதின்மூன்று வயது ஹோல்டன் கார் ஷெட்டில் படுத்து, ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் உடைக்கிறான். இன்னமும் மழை நாளில் அந்தக் கை வலிக்கும், முஷ்டி சரியாக மடங்காது. இதைச் சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறான்.

என்ன எழுத்து இது! துயரம் என்ற பெயரே இல்லாமல் துயரத்தை ஒரு கைக்குள் வைத்துவிட்டார் சாலிங்கர். அடுத்த அத்தியாயத்திலேயே ஸ்ட்ராட்லேட்டரோடு சண்டை. அடி சரியாக விழவில்லை, ஏனென்றால் ஓங்கியது அதே வலது கை. மூன்று வருஷத்துக்கு முந்தைய இழவு வந்து இந்தச் சண்டையில் அவனைத் தோற்கடிக்கிறது.

என் மனசை விட்டுப் போகாதது தங்கை ஃபீபியின் அறையில் நடக்கும் பேச்சு. உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று சொல் என்கிறாள் அந்தப் பத்து வயதுச் சிறுமி. அவனால் யோசிக்கவே முடியவில்லை. நினைவுக்கு வருவது ஜேம்ஸ் காஸில். பழைய பள்ளியில், சக மாணவர்களின் கொடுமையில் ஜன்னல் வழியே குதித்துச் செத்தவன். அப்போது அவன் போட்டிருந்தது ஹோல்டன் இரவல் கொடுத்த ஸ்வெட்டர். பிறகுதான் ஆலியைப் பிடிக்கும் என்கிறான். அதற்கும் பிறகு, ரை வயலில் விளையாடும் குழந்தைகள் மலைவிளிம்பிலிருந்து விழாமல் பிடிக்கும் வேலைதான் தனக்கு வேண்டும் என்கிறான். விழுந்த ஒருவனையும் போய்விட்ட ஒருவனையும் பிடிக்க முடியாத பிள்ளை வேறு என்ன ஆசைப்படுவான்? இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் நிறைந்துவிடும்.

சாலிங்கரும் காயம் பட்டவர்தான். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கிய படைவீரர் அவர். 1945இல் போர் தந்த மன நெருக்கடியால் நியூரம்பெர்க்கில் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆனாலும் நாவலில் போர் வருவது பெரும்பாலும் அண்ணன் டி.பி.யைப் பற்றிய பேச்சில்தான். சொல்லாமல் விடும் இந்த அடக்கத்துக்காகவே அவரைக் கொண்டாடுவேன்.

முன்பு எரிச்சலோடு மூடிவைத்தவர்கள் தயவுசெய்து ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஐந்தாம் அவென்யூவில் ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும், தான் காணாமல் போய்விடாதபடி பார்த்துக்கொள் என்று செத்துப்போன தம்பியிடம் ஹோல்டன் கெஞ்சும் இடம்வரைக்குமாவது வாருங்கள். அதன் பிறகு உங்களால் அவனைத் திட்ட முடியாது.