கானின் ஆடுகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பா மங்கோலியரை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மாத்யூ பாரிஸ், கேள்விப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களை மனித மாமிசம் தின்னும் கூட்டமாக எழுதினார். எழுதியது போதாதென்று படமும் வரைந்தார். 1245இல் போப்பாண்டவரின் தூதராகக் கிளம்பிய கார்ப்பினி என்ற இன்னொரு துறவி, அறுபது கடந்த உடம்போடு ஸ்டெப்பிப் புல்வெளியைக் குதிரையில் குலுங்கிக் கடந்து, 1246இல் குயுக் கானின் முடிசூட்டு விழாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவருக்கும் மங்கோலியரைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவருடைய அறிக்கை வேறு ரகம். ஒரு வீரனிடம் இரண்டு மூன்று வில்லும் மூன்று அம்பறாத்தூணியும் இருக்கும். கவசத்தின் இரும்புத் தகடு ஒரு விரல் அகலம், துளையிட்டுத் தோல்வாரால் கோப்பார்கள். பத்துப் பேருக்கு ஒரு தலைவன், நூறு பேருக்கு ஒருவன், ஆயிரத்துக்கு ஒருவன். அவர்கள் பின்வாங்கினால் வெகுதூரம் துரத்திப் போக வேண்டாம், பதுங்கியிருந்து வளைப்பார்கள். பாரிஸ் தன் பயத்தை வரைந்தார். கார்ப்பினி அந்தப் படை எப்படி இயங்குகிறது என்று கணக்கெடுத்தார்.

இன்றைய கற்பனை நாவல்களும் தொடர்களும் வீடியோ கேம்களும் இடைக்காலப் புல்வெளிப் போர்க்குடிகளைத் தேடிப் போகும்போது, இந்த இரண்டு துறவிகளில் ஒருவருக்குத்தான் வாரிசாகின்றன. வேடிக்கை என்னவென்றால், இலக்கிய கௌரவம் உள்ள நாவல் பெரும்பாலும் பாரிஸின் பக்கம் சாய்கிறது. பிள்ளைகள் பொழுதைப் போக்கும் சாமான் என்று ஒதுக்கப்படும் கேம் கார்ப்பினியின் பக்கம் வந்து நிற்கிறது. கேம் செய்பவர்கள் அதிகம் படித்தவர்கள் என்பதால் நேர்ந்ததல்ல இது. படம் வரைபவர் எப்படித் தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கேம் செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தப் படைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது, வீடு எங்கே இருக்கிறது, ஓடும் குதிரையிலிருந்து விட்ட அம்பு எவ்வளவு பிசகும் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் விதி எழுதியாக வேண்டும். அப்படி எழுத உட்கார்ந்தவரைப் புல்வெளியின் தர்க்கம் தானாகவே வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

1996இல் வந்த ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலின் டோத்ராக்கிகளை எடுத்துக்கொள்வோம். புல்வெளி வீரர்கள் என்றதும் இன்று பலருடைய மனதில் வருவது அவர்கள்தான். மங்கோலியர், ஹூணர், அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினர் என்று பலரைக் கலந்து, கொஞ்சம் சொந்தக் கற்பனையும் சேர்த்ததாக மார்ட்டினே சொல்லியிருக்கிறார். கலக்கட்டும். எதை விட்டுவிட்டுக் கலந்தார் என்பதுதான் விஷயம். டோத்ராக்கிகள் கவசத்தை இகழ்கிறார்கள். கார்ப்பினி விரல் வைத்துச் சொன்ன தகட்டுக் கவசம் அங்கேயே போயிற்று. ஆடு மேய்ப்பவர்களை அதைவிட இகழ்கிறார்கள். அண்டை நாட்டு லாசரீன்களை ஆட்டு மனிதர்கள் என்று ஏளனம் செய்கிறார்கள். நாவலில் அவர்களோடு பயணிக்கும் ஜோரா மார்மான்ட் என்ற வீரன் அவர்களுடைய வில்திறனை மெச்சும் இடமாவது உண்டு. நாவலை ஒட்டி எடுத்த தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பருவத்தில், 2019இல், வின்டர்ஃபெல் போரில் அதையும் காணோம். எதிரே இருட்டில் என்ன நிற்கிறதென்று தெரியாமலே தீப்பற்றிய வளைவாள்களைத் தூக்கிக்கொண்டு குதிரைப்படை நேராகப் பாய்கிறது. தூரத்தில் வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கண்ணுக்கு அழகுதான். ஆனால் 1223இல் மங்கோலியத் தளபதிகள் ஜெபேயும் சுபுதாயும் நாள்கணக்கில் பின்வாங்கிக்கொண்டே போய் ரஷ்ய இளவரசர்களைக் கால்கா ஆற்றங்கரைக்கு இழுத்துவந்து அடித்தார்களே, அந்தப் பள்ளியில் படித்த எந்தத் தளபதியும் இப்படி ஒரு பாய்ச்சலுக்கு உத்தரவிட்டிருக்க மாட்டான்.

இவற்றில் எனக்கு அதிகம் உறுத்துவது கவசமோ வில்லோ அல்ல, ஆடுதான். மங்கோலியர் செல்வம் என்று ஐந்து கால்நடைகளைச் சேர்த்து எண்ணுவார்கள்: குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. குதிரைக்குத்தான் பாட்டும் புகழும். ஆனால் செம்மறியின் கம்பளியை நனைத்து, அடித்து, உருட்டி இறுக்கினால்தான் கூடாரத்துக்குச் சுவர் கிடைக்கும். பனிக்காலத்தில் தின்ன இறைச்சியும் போர்த்திக்கொள்ளத் தோலும் அதிலிருந்துதான். அவர்களுடைய கூட்டுவில்லைப் பிரித்துப் பார்த்தாலும் மந்தைதான் தெரியும். நடுவில் மரம், வில்லாளியைப் பார்க்கும் பக்கத்தில் கொம்புப் பட்டை, அது அழுத்தத்தைத் தாங்கும், எதிரியைப் பார்க்கும் பக்கத்தில் இழை இழையாகப் பிரித்து ஒட்டிய தசைநார், அது இழுவிசையைத் தாங்கும், இரண்டையும் பிடித்து வைக்க மீனிலிருந்து காய்ச்சிய பசை, மேலே ஈரம் படாமல் பூர்ச்சமரப் பட்டை. பசை காய்ந்து இறுகவே மாதக்கணக்கில் ஆகும். இப்படி ஒரு பொருளைச் செய்யும் சமூகத்தில் பொறுமையான கைவினைஞர்களும், அவர்களுக்குக் கொம்பும் நாரும் கொடுக்கும் மந்தையும், மந்தையைக் காக்கும் மேய்ப்பர்களும் இருந்தே தீர வேண்டும். ஆட்டைக் கேலி செய்யும் கான் தன் கூரையைக் கேலி செய்கிறான்.

2021இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4’ கேமின் மங்கோலியர் இந்த இடத்தில்தான் வசீகரிக்கிறார்கள். அவர்களுக்கு வயல் கிடையாது. மேய்ச்சல் கிடை ஒன்றை அமைத்தால் அது குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு செம்மறியைத் தரும். மற்ற நாடுகள் ஆள் பெருக வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருக்க, இவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மதில் எழுப்ப முடியாது. பதிலுக்கு, கட்டடங்களை மடித்து வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்கு நகர்த்தலாம். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் சலுகை, சின்னத் தண்டனை. சேர்த்து ஆடும்போது ஆடுபவரின் புத்தியே மாறுகிறது. ஆங்கிலேயர் தரப்பில் ஆடியவர் எதைக் காப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவரே மங்கோலியராக ஆடும்போது எப்போது கிளம்புவது என்று யோசிக்கத் தொடங்குகிறார். இதே தொடரின் 1999ஆம் ஆண்டுக் கேமில் மங்கோலிய வேட்டைக்காரர்கள் மற்றவர்களைவிட வேகமாக இறைச்சி சேர்ப்பார்கள். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலேயே குதிரைகளை அனுப்பி எதிரியைத் தொல்லை செய்வார்கள். வேட்டை படைக்கு உதவுகிறது என்ற இந்தச் சங்கிலி தற்செயலாக அமைந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி விவரிக்கும், வட்டம் கட்டி விலங்குகளை நெருக்கும் மாபெரும் வேட்டை, படைக்குப் பயிற்சியாகவும் இருந்தது. விதி சரியான திசையில் இருந்தால் செய்தவருக்குத் தெரியாத உண்மையையும் சேர்த்து இழுத்துவரும்.

துருக்கியின் அங்காராவில் இயங்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் ‘மவுண்ட் அண்ட் பிளேட்’ கேம்கள் இதையே இன்னும் நெருக்கத்தில், சேணத்தின் மேல் உட்கார வைத்துக் காட்டுகின்றன. அவை நடக்கும் கால்ராடியா கற்பனைக் கண்டம். அதன் கெர்கித்துகளும் குசைத்துகளும் கற்பனைக் குடிகள். குதிரை ஓடும்போது நாணை இழுத்தால் குறிவட்டம் விரிந்துவிடும். ஒரு நொடி பொறுத்தால் சுருங்கும். அதற்கு மேலும் பிடித்து வைத்தால் கை சோர்ந்தது போல மறுபடி விரியும். இடப்பக்கம் தாராளமாகத் திரும்பலாம், வலப்புறம் பின்னால் உடம்பு திரும்பாது. ஆகவே எதிரியை எப்போதும் இடக்கைப் பக்கம் வைத்தே சுற்ற வேண்டும். யாரும் பாடம் நடத்துவதில்லை. நாலைந்து அம்பு வீணானதும் ஆடுபவரே அந்த வட்டத்தைப் போடத் தொடங்குகிறார். இரண்டாம் பாகமான ‘பேனர்லார்ட்’ இன்னொரு படி போகிறது. கூடுதல் குதிரை இருந்தால் படை வேகமாக நகரும். ஆட்களுக்கு அடங்காத அளவு கால்நடையைச் சேர்த்துக்கொண்டால் மேய்த்துக்கொண்டு போவதிலேயே வேகம் குறையும். கொள்ளையடித்த ஆடுகளோடு ஊர்ந்து போகும்போது பின்னால் எதிரி துரத்தி வந்தால், ஆட்டை விடுவதா, அறுப்பதா, சண்டைக்கு நிற்பதா? எந்தப் பெருமையும் பேசாமல் ஒரு கேம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதுதான் என்னைப் பொறுத்தவரை கலை.

கற்பனைக்கு எதற்கு இந்தக் கணக்கு வழக்கு என்று கேட்பார்கள். டிராகன் பறக்கும் உலகத்தில் ஆட்டு எண்ணிக்கை பார்ப்பது அற்பத்தனம் என்பது அந்த வாதம். வரலாற்றுக்கு உண்மையாக இரு என்று நான் கேட்கவில்லை; கால்ராடியாவும்தான் எங்கும் இல்லை. கேட்பது செழுமையை. உண்மையில் இருந்த புல்வெளி, அதைப் பார்த்து வரைந்த கற்பனைகளைவிட விசித்திரமானது. 1253இல் கிளம்பிய ருப்ருக் என்ற துறவி, சக்கரத் தடங்களுக்கு நடுவே இருபது அடி அகலமுள்ள வண்டியில் முழுக் கூடாரத்தையே தூக்கி வைத்து, இருபத்திரண்டு மாடுகள் இழுத்துப் போனதைப் பார்த்திருக்கிறார். வண்டியின் அச்சு கப்பலின் பாய்மரம் அளவு இருந்ததாம். தலைநகர் காரகோரத்தில் பாரிஸ் நகரப் பொற்கொல்லர் ஒருவர் செய்த வெள்ளி மரம் இருந்தது. அதன் குழாய்களில் திராட்சை மதுவும், குதிரைப்பால் மதுவும், தேன் மதுவும், அரிசி மதுவும் தனித்தனியாக வழிந்தன. இதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு வெற்று மார்பும் வளைவாளும் மட்டும் வைத்துக்கொள்வதைக் கற்பனைச் சுதந்திரம் என்பதா, கற்பனைச் சோம்பல் என்பதா?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: விதியும் பொய் சொல்லும். ‘மவுண்ட் அண்ட் பிளேட்’ கெர்கித்துகள் குதிரையை விட்டு இறங்கிக் கோட்டையைத் தாக்கப் போனால் பரிதாபம். ஆடியவர்கள் எல்லோருக்கும் தெரியும். நாடோடி என்றால் சமவெளியில் புலி, மதிலின் முன் பூனை என்பது இங்கே விதியாகவே உறைந்துவிட்டது. நிஜத்தில் குப்ளாய் கானின் படை 1268 முதல் 1273 வரை சியாங்யாங் கோட்டையை முற்றுகையிட்டு, கடைசியில் மேற்கிலிருந்து வரவழைத்த இஸ்மாயில், அலாவுதீன் என்ற இரு பொறியாளர்கள் செய்த எடைக்கல் எறிபொறிகளால் அதை வீழ்த்தியது. தனக்குத் தெரியாத வித்தையைத் தெரிந்தவனை வரவழைத்துச் செய்துகொள்வதுதான் அவர்களுடைய ஆகப் பெரிய திறமை. ஆட்சேபத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: விதியில் உள்ள பொய்யைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் எளிது. 1999ஆம் ஆண்டுக் கேமுக்கு 2000இல் வந்த விரிவாக்கமே மங்கோலியருக்கு முற்றுகைப் பொறிகளை வேகமாக நகர்த்தும் தொழில்நுட்பத்தைக் கொடுத்திருந்தது. படத்தின் பொய் அப்படித் தனியாகப் பிரிந்து வராது. அதன் அழகிலேயே ஊறியிருக்கும்.

குதிரை வில்லாளிகளை எதிர்த்து ஆடுவது எரிச்சல், கைக்குச் சிக்காமல் ஓடி ஓடி அடிக்கிறார்கள், இது ஆண்மையான சண்டையா என்று இணையவழி ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வதையும் ஆட்சேபமாகச் சேர்க்கலாம். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்கிறது. இரும்பு உடுத்திய ஐரோப்பியக் குதிரை வீரர்கள் 1241இல் லெக்னிட்சாவிலும் மோஹியிலும் மங்கோலியரிடம் பட்ட அவஸ்தையின் சாரம் இதுதான். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தோல்வியின் கடுப்பை அப்படியே இன்னொருவரின் விரல் நுனிக்குக் கொண்டுவர வேறெந்தக் கலையால் முடிகிறது?

ஓரிடத்தில் மட்டும் கேம் தோற்றே போகிறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4’ மங்கோலியர் எதிரியின் கட்டடத்துக்குத் தீ வைத்தால் உணவும் பொன்னும் கிடைக்கும். சேணத்தின் மேலிருந்து பார்த்தால் கணக்கு சரி. மங்கோலியர் 1221இல் அழித்த நிஷாபூரிலும் 1258இல் அழித்த பாக்தாத்திலும் கீழே இருந்தவர்களின் கணக்கு அதில் எங்கும் ஏறுவதில்லை. எரியும் வீடு திரையின் ஓரத்தில் கூடும் ஓர் எண். இங்கே மார்ட்டினுக்கு இறங்கி வந்துதான் ஆக வேண்டும். லாசரீன் ஊரை டோத்ராக்கிகள் சூறையாடியபின் அவர்களுடைய தலைவனின் மனைவி டெனேரிஸ் அதன் நடுவே குதிரையில் போகும் அத்தியாயம், ஆட்டு மனிதர்கள் என்ற ஏளனத்துக்கு என்ன விலை என்பதைக் காட்டிவிடுகிறது. பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டியிருக்கிறது, விதிக்குக் கண் இல்லை.

இருந்தாலும் போக்கு நல்லதாகவே இருக்கிறது. ‘குரூசேடர் கிங்ஸ் 3’ கேமுக்கு 2025இல் வந்த ‘கான்ஸ் ஆஃப் தி ஸ்டெப்’ விரிவாக்கத்தில் நாடோடித் தலைவனின் செல்வம் முக்கியமாக மந்தையாகவே எண்ணப்படுகிறது. மேய்ந்த நிலம் வளம் குன்றும், இடம்பெயர வேண்டும், இடம்பெயரும் வழியில் ஏற்கெனவே ஒருவன் மேய்த்துக்கொண்டிருப்பான். போர் அங்கே தொடங்கும். ஆடு கடைசியில் அரசியலுக்குள் வந்துவிட்டது. இன்னும் வராதது ருப்ருக் போகிற போக்கில் எழுதிய ஒரு தகவல்: வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, முன்வண்டியில் உட்கார்ந்து, ஒரே பெண் இருபது முப்பது வண்டிகளை ஓட்டிக்கொண்டு போவாள். கூடாரத்தை ஏற்றி இறக்குவதும், பசுவைக் கறப்பதும், தோலைத் தைப்பதும் அவள் வேலை. எந்தக் கிணறு, எந்தச் சரிவு, பனிக்கு முன் எத்தனை ஆட்டை அறுப்பது, தளர்ந்த மாட்டை எந்த வண்டியிலிருந்து அவிழ்ப்பது என்று அவள் எடுக்கும் முடிவுகளே ஒரு முழு ஆட்டத்துக்குப் போதும். அப்படியொரு கேமை யாராவது செய்தால் அதில் கானுக்கும் ஒரு வேடம் கொடுக்கலாம்: எப்போதாவது வந்து சாப்பிட்டுவிட்டு, இன்னும் நாலு குதிரை கேட்டு நச்சரித்துவிட்டுப் போகும் துணைப் பாத்திரம்.